தெருவெல்லாம் கொய்யா விதை

ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில் நீளமான மர பெஞ்சு. அதன் மேல் வரிசையாக வட்டத் தகர டப்பாக்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒட்டிய காகிதத்தில் ஒரு பெயர். வெயில் பெஞ்சுக்கு வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வந்துவிட்டால் அப்புறம் அங்கே மனுஷர் நிற்க முடியாது. புடவைத் தலைப்பால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முதல் டப்பாவைத் திறந்தேன். துடைப்பக் குச்சியால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கினேன். குச்சியில் கொய்யா விதை தட்டுப்பட்டது.

இரண்டாவது டப்பாவிலும் கொய்யா விதை. மூன்றாவதிலும்.

யாரோ ஒரு கூடைக்காரி இந்தத் தெருவில் நல்ல வியாபாரம் பண்ணியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான்காவதைத் திறந்தேன்.

டப்பாவில் இருந்தது என்ன என்று இந்நேரம் புரிந்திருக்கும். காலைக் காப்பியோடு பத்திரிகை படிக்கிறவர்கள் காப்பியை முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "ரொம்பப் பதவிசாக எழுதுகிறீர்கள்" என்று ஒரு வாசகி பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டுக்கு இந்த வாரத்தோடு ஆயுசு முடிந்தது.

புழுவம்மா

கதர் கட்டியவர்கள் ஜெயிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்த காலம் அது. நான் படிப்பை முடித்து, ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலூரிலிருந்து டாக்டர் மனோரஞ்சிதம் அங்கே வந்தார். ஒல்லி, உயரம், வேக நடை, அதைவிட வேகமான பேச்சு. கோபமும் அப்படித்தான், வந்த வேகத்தில் போய்விடும்.

முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிற பெண்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். இரும்புச் சத்து டானிக் கொடுத்து அனுப்புவோம். கொஞ்சம் தேறுவார்கள், மறுபடியும் அதே வெளுப்போடு வந்து நிற்பார்கள்.

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டிருக்கோம் எஸ்தர். ஓட்டை எங்கன்னு பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ஓட்டை, அவர் சந்தேகப்பட்டபடி, கொக்கிப்புழு. நூல் துண்டு அளவுதான் இருக்கும். ஈர மண்ணில் பிறந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடித்தபடியே வருஷக் கணக்கில் சுகமாக வாழும். அதன் முட்டை வெளியேறுகிற இடம் ஒன்றுதான். அதனால்தான் டப்பா. எந்தத் தெருவில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வராமலே தடுக்கலாம் என்பது அவர் கணக்கு. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. டப்பா கொடுப்பது, வாங்குவது, கலக்குவது எல்லாம் என் வேலை.

ஊரில் எனக்குப் புழுவம்மா என்று பெயர் வந்துவிட்டது. என் அம்மாவுக்கு அதில் வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். கேசரி சாப்பிட்டுக்கொண்டே, "பொண்ணு ஆஸ்பத்திரியில என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். கேசரி பாதியில் நின்றுவிட்டது. பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவருக்கு மூக்கில் வாசனையே தெரியாது. கர்த்தர் பார்த்துத்தான் செய்கிறார்.

தோல் ஷாப்புத் தெரு

தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப்பு என்பார்கள் எங்கள் பக்கத்தில். காதர் சாயபுவின் ஷாப்பு ஆற்றோரம் இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெருதான் தோல் ஷாப்புத் தெரு. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலின் வாடையும் ஆவாரம்பட்டைத் தண்ணீரின் துவர்ப்பு வாடையும் கலந்து வரும். வெளியூர்க்காரர்களுக்கு வயிற்றைப் புரட்டும். எனக்கு அது அப்பாவின் வாசனை. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆவதற்கு முன்னால் அவரும் குழியில் இறங்கி வேலை செய்தவர்தான். ஊர் முழுக்கத் தோல், கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போகிற தோல். தெருவில் ஒருத்தர் காலிலும் செருப்பு கிடையாது.

மற்றத் தெருக்களில் டப்பா வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு பெரிய மனிதர் மாட்டுச் சாணத்தை வைத்துக் கொடுத்தார். இன்னொருவர் அவசரத்தில் தம் மூக்குப்பொடி டப்பாவைக் கொடுத்துவிட்டார். எங்களுடையதை மடியில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போனவர் அங்கே யாருக்குப் பொடி கொடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

தோல் ஷாப்புத் தெருவில் மட்டும் அந்தத் தொல்லையே இல்லை. ஒரு வாரத்துக்குள் எல்லா டப்பாவும் வந்துவிட்டது. எல்லாரும் வணக்கம் சொல்லி, இரண்டு கையாலும் கொடுத்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகு அந்தச் சந்தோஷம் ஒரு படி மேலே போனது. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் டப்பாவிலும் கொக்கிப்புழு முட்டை. அதுவும் ஏராளம். "ஒரு தெரு முழுக்க எஸ்தர்! ஒருத்தர்கூடத் தப்பல!" என்றார். நோயைப் பார்த்துச் சந்தோஷப்படுவதாவது என்று கேட்காதீர்கள். பானையில் ஓட்டையைக் கண்டுபிடித்த சந்தோஷம் அது. மதராஸில் டாக்டர்கள் கூடுகிற சபையில் படிப்பதற்காக அன்று மாலையே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

கொய்யா விதையைப் பற்றிச் சொன்னேன். "விதை எனக்கு எதுக்கு? முட்டையைப் பத்திப் பேசு" என்றார்.

குப்பம்மாள்

அந்தத் தெருவில் முனுசாமி என்று ஒருவன். சுண்ணாம்புக் குழியில் வேலை. அவன் பெண்சாதி குப்பம்மாளுக்கு அப்போது ஐந்து மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப் போயிருந்தன. இப்போதும் உதடெல்லாம் வெளுத்து, குடம் தூக்கினால் கண் இருட்டுகிற நிலையில் இருந்தாள்.

புழுவுக்கு அந்நாளில் கொடுத்தது நெடியடிக்கும் ஒரு எண்ணெய் மருந்து. வெறும் வயிற்றில் அதைக் குடித்து, பின்னாலேயே பேதி உப்பும் குடிக்க வேண்டும். திடமான ஆம்பிளையே ஒரு நாள் சுருண்டு கிடப்பான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுப்பதில்லை, வயிற்றில் இருப்பது கலைந்துவிடலாம் என்ற பயம். ஆனால் குப்பம்மாள் பெயர் போட்ட டப்பாவிலும் முட்டை கொட்டிக் கிடந்தது.

டாக்டரம்மா அவளைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்தார். கட்டுரையைக்கூடத் தொடவில்லை. "புழு இப்படியே ரத்தத்தைக் குடிச்சா பிரசவத்துல தாங்க மாட்டா. மருந்து குடுத்தா குழந்தை போனாலும் போயிடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். கடைசியில், ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, அளவைக் குறைத்து, பக்கத்திலேயே இருந்து கொடுப்பது என்று முடிவு செய்தார். முனுசாமி அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனான். விடிந்ததும் மருந்து. பாட்டிலும் கண்ணாடித் தம்ளரும் அவள் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரிக்கு வந்துவிட்டன.

சாயங்காலம் கஞ்சி கொண்டு போனேன். குப்பம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சிஸ்டரம்மா, அந்த மருந்து வவுத்துல இருக்கறத ஒண்ணும் பண்ணாதில்ல?"

"டாக்டரம்மா கூடவே இருப்பாங்க. பயப்படாத."

"ரெண்டு போய்டுச்சி. இதுவும் போச்சின்னா..."

அவள் மனசைத் திருப்ப ஏதாவது பேச வேண்டுமே என்று, "எழுந்து கஞ்சி குடி. வாய்க்கு எதனா வேணும்னாலும் சொல்லு. உங்க தெருவே கொய்யாப்பழமா தின்னு தீத்துக்கீது. எந்தக் கூடைக்காரின்னு சொல்லு, உனக்கும் வாங்கியாறேன்" என்றேன்.

"கொய்யாவா?" அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க தெருவுக்கு எவ கொண்டாறா? மசக்கைல அதுக்குத்தான் ஏங்கிக்கினு கெடந்தேன், ஒரு துண்டு கெடைக்கல. சாயபு தோட்டத்துலதான் இருக்குது. அத்த காவக்காக்கற பயில்வான்தான் தின்னுக்கினு கீறாரு."

சொல்லி முடித்ததும் அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று.

வராந்தா பெஞ்சும், டப்பாக்களும், குச்சியில் தட்டுப்பட்ட விதைகளும் என் கண் முன்னால் வந்தன. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"குப்பம்மா, உன் பேர் போட்ட டப்பா. அது யாருது?"

மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அழுகையோடு வந்தது.

"என்னோடது இல்ல, சிஸ்டரம்மா."

தெருவே கூடிப் பேசியது

அவள் சொன்னது இது. புழு இருக்கிறவனை ஷாப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மேஸ்திரி எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். வேறு ஊர் ஷாப்பு ஒன்றில் கையில் கொப்புளம் வந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் பேச்சு. டப்பா கொடுக்கவில்லை என்றாலும் சந்தேகம் வரும். தெருவே கூடிப் பேசியது. உடம்பில் ஒரு சீக்கும் இல்லாத ஆள் நம்மில் யார்? கோவிந்தன்தான். கர்லாக்கட்டை சுற்றுகிறவன், ஒற்றைக் கையால் ஈரத் தோல் கட்டைத் தூக்குகிறவன், சாயபு தோட்டத்துக்கும் காவல் இருக்கிறவன், பயில்வான் கோவிந்தன். அவனுடையதைக் கொடுத்தால் யாருக்கும் பழுது வராது என்று முடிவாயிற்று.

"எல்லா டப்பாவுமா?"

"எல்லா டப்பாவும்தான்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்று போயிற்று. விடிந்தால் இவள் குடிக்கப் போகிற மருந்து, பயில்வானின் புழுவுக்கான மருந்து.

"தெரிஞ்சும் கம்முனு படுத்திருந்தியே, ஏன்?"

"சொன்னா அவருக்கு வேல போய்டும். தெருவுக்கே போய்டும். குடிச்சிட்டு ஆனது ஆவட்டும்னு இருந்தேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, முனுசாமி மேலா, மேஸ்திரி மேலா என்று தெரியவில்லை. எல்லார் மேலும்தான். அவளை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

அவர் மதராஸ் கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். பேனாவை மூடாமல் அப்படியே பிடித்திருந்தார்.

"ஒரே ஆளா?"

"ஆமாம்மா."

"முட்டை எண்ணி எண்ணி என் கண்ணே போச்சு. எல்லாம் ஒரே ஆளோடதா?"

கோபத்தில் மேஜையைத் தட்டப் போகிறார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார்.

"முதல்ல போய் அந்த மருந்து பாட்டிலை வார்டுலேர்ந்து எடுத்துட்டு வா. தெருவைக் காப்பாத்தறேன்னு அவளே எடுத்துக் குடிச்சாலும் குடிச்சிடுவா."

வார்டுக்குத் திரும்பி ஓடினேன். பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. அதை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. குப்பம்மாள் கஞ்சி முழுவதையும் குடித்திருந்தாள்.

பட்டுக் கைக்குட்டை

மறுநாள் காலையில் டாக்டரம்மா நேராகக் காதர் சாயபுவின் ஷாப்புக்குப் போனார். நானும் கூடப் போனேன். சாயபுவுக்கு வெள்ளைத் தாடி, கனத்த குரல். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"சீக்கு வந்தவன வூட்டுக்கு அனுப்புறவனா நானு? யாருய்யா சொன்னது? சும்மா இருந்த ஆளுங்கள இன்னாத்துக்கு பேஜார் பண்ணி வச்சிருக்கீங்க?"

மேஸ்திரி சுண்ணாம்புக் குழியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குழிகளில் நின்றவர்கள் கையிலிருந்த தோலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

டாக்டரம்மா சொன்னார்: "நீங்க அனுப்பிடுவேன்னு சொல்லல, அது எனக்குத் தெரியும். அனுப்ப மாட்டேன்னும் யார்கிட்டயும் சொல்லலையே சாயபு."

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு குழிகளின் பக்கம் திரும்பி, "எவனுக்கு எத்தினி புழு இருந்தாலும் இங்க வேல உண்டு. மருந்து குடிக்கிற அன்னிக்கும் கூலி உண்டு. கேட்டுக்குனீங்களா?" என்றார். அத்தோடு நிற்கவில்லை. என் பையைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு டப்பா குடும்மா."

அத்தனை பேர் முன்னால் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவரே ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கி, பட்டுக் கைக்குட்டையில் சுற்றி அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த உயர்ந்த கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை.

சாயபுவே கொடுத்த பிறகு தெருவில் யாருக்கு என்ன வெட்கம்? டப்பாக்கள் மறுபடி வந்தன. இந்தத் தடவை ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் கீரை, ஒன்றில் மிளகாய் விதை. அவரவருடையதுதான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பயில்வான் தனியாக வந்து வராந்தாத் தூண் ஓரம் நின்றான். "நான் வோணாம்னுதான் சொன்னேன், சிஸ்டரம்மா. தெருவே வந்து வாசல்ல நின்னா இன்னா பண்றது? ஒரு வாரம் டப்பா மேல டப்பாவா வந்துச்சி. கொஞ்சம் கவுரவமாக்கூட இருந்துச்சி."

"கவுரவத்தை எல்லாம் நான்தானேப்பா கலக்கினேன்" என்றேன்.

தெருவில் சிலருக்குப் புழு இருந்தது, பலருக்கு இல்லை. ஊரிலேயே அதிகமாக இருந்தது பயில்வானுக்குத்தான். சாயபு வீட்டில் மூன்று வேளையும் நல்ல சாப்பாடு கிடைத்ததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவே. சாயபுவுக்கும் கொஞ்சம் இருந்தது. இரண்டு பேரும் வெறுங்காலோடு உலாவுகிற இடம் ஒன்றுதான், அந்தக் கொய்யாத் தோட்டம். டாக்டரம்மா போய்ப் பார்த்தார். எப்போதும் ஈரம், நல்ல நிழல், மூலையில் தோட்டக்காரர்கள் எல்லாரும் ஒதுங்குகிற இடம். ஷாப்புத் தரையில் உப்பும் சுண்ணாம்பும் கிடப்பதால் அங்கே புழு பிழைக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் ஊகித்தார். ஊகம்தான் என்று கட்டுரையிலும் எழுதினார். தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டிக் கக்கூஸ் கட்டினார்கள். சாயபு தம் தோலிலேயே தோட்டக்காரர்களுக்குச் செருப்பு தைத்துக் கொடுத்தார்.

மருந்து குடிக்கிற நாளில் சாயபு முதல் ஆளாகக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பயில்வான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்டான். பிடித்துக்கொண்டேன்.

பழைய கட்டுரையை டாக்டரம்மா கிழித்துப் போட்டார். புதியதில் பயில்வான் கதையை முதலிலேயே எழுதினார். மதராஸ் சபையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரிப்பு ஓயும் வரை அவர் நின்றுவிட்டு, அடுத்த பக்கத்தைப் படித்தாராம்.

ஐப்பசி மழையில்

குப்பம்மாளின் சொந்த டப்பாவில் ஒரு முட்டைகூட இல்லை. "பின்ன எங்கேர்ந்து இந்த வெளுப்பு?" என்று டாக்டரம்மா அவளை உட்கார வைத்து, தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். பல நாள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் வேண்டியிருக்கவில்லை.

முனுசாமியைக் கூப்பிட்டு அவர் திட்டிய திட்டு ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். "இனி உன் பொண்டாட்டி சாப்ட்டப்புறம்தான் உனக்குச் சோறு" என்று தீர்ப்பு சொன்னார். முருங்கைக்கீரையும் டானிக்கும் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் சாயபு வீட்டிலிருந்து ஆட்டு ஈரல் வந்தது. உதட்டில் மெல்ல மெல்ல நிறம் ஏறியது. நான் தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவள் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு மாதம் தாண்டும்போதும் எனக்குள் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே இருக்கும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் பிரசவம். பெண் குழந்தை. பிறந்ததும் போட்ட சத்தத்தில் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வெளியே முனுசாமி மழையில் நனைந்துகொண்டே நின்றான், உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை.

டாக்டரம்மா குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு குப்பம்மா. இது உன்னோடதுதானே?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். குப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"என்னோடதும்மா" என்றாள். "குடுங்க."